மொட்டைமாடியில் ஒரு தகரப் புனல், வானத்தில் ஹைட்ரஜன்

கோவையில் நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த துறையில், கடைசி செமஸ்டரில் திறந்தநிலை ஆய்வகம் என்றொரு விருப்பப் பாடம் உண்டு. அதற்குச் செய்முறைக் கையேடு கிடையாது. இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கருவியை நாமே கட்ட வேண்டும், அதைக் கொண்டு ஏதாவது ஒன்றை அளக்க வேண்டும். அளந்தது நாம் சொல்கிற பொருள்தான் என்று காட்டவும் வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தக் கடைசி வேலைக்குத்தான். அடுத்த ஆண்டு இதை எடுக்கலாமா என்று ஜூனியர்கள் பலர் கேட்பதால், எங்கள் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரு ஜோடி உலர்பனியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்து, கதிரியக்கத் துகள்கள் போகும் தடத்தைப் புகைக்கோடாகக் காட்டும் முகில் அறை கட்டியது. பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் உள்ள தோரியத்திலிருந்து ஆல்ஃபா துகள்கள் தடித்த குட்டைக் கோடுகளாகப் பாய்வதை எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். இன்னொரு ஜோடி மரச்சட்டத்தில் செப்புக் கம்பி சுற்றி, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துக் கடற்படை நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் அலை பகலிலும் இரவிலும் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தது. நானும் என் தோழியும் எடுத்துக்கொண்டது நம் விண்மீன் கூட்டமான பால்வழியின் ஹைட்ரஜன்.

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் சுழற்சித் திசை புரளும்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை வெளிவரும். அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். தனியாக விடப்பட்ட ஓர் அணு அப்படிப் புரள சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் அணுக்களுக்குக் கணக்கே இல்லை என்பதால் அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. இது கிடைக்கும் என்று 1944-இல் ஹாலந்தின் வான் டி ஹூல்ஸ்ட் கணித்தார். 1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹெரால்ட் யூவன், பேராசிரியர் பர்செலின் வழிகாட்டுதலில் அதைப் பிடித்தார். ஒட்டுப்பலகையில் செப்புத் தகடு ஒட்டிய, அலையைத் திரட்டும் ஒரு புனலை ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துத்தான் பிடித்தார். மழை பெய்தால் புனல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருமாம். ஜன்னல் அளவுப் புனலில் அது முடிந்தது என்பதைப் படித்ததுதான் எங்களுக்குத் துணிச்சல் கொடுத்தது.

உக்கடம் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் ஜி.ஐ. தகட்டில் புனல் செய்தோம். வாய் 75-க்கு 60 சென்டிமீட்டர், கீழே 16.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் மூடிய செவ்வகப் பெட்டி. “ஏங்கண்ணு, நெல்லு கொட்டறதுக்கா இது?” என்று பட்டறை அண்ணன் கேட்டார். வானத்து வாயுவைக் கேட்பதற்கு என்று சொன்னோம். அதன்பிறகு ஒவ்வொரு மூலையிலும் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ஈயம் வைத்துக் கொடுத்தார். அவர் கைவேலை எங்கள் திட்டத்தில் பாதி.

பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் செப்புக் கம்பியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாடப்புத்தகம் உயிர்பெற்றது. மூடிய முனையிலிருந்து கால் அலைநீளம் தள்ளி என்பது விதி. திறந்த வெளியில் கால் அலைநீளம் 5.3 சென்டிமீட்டர். ஆனால் உலோகப் பெட்டிக்குள் அலை நீண்டுவிடும். 16.5 சென்டிமீட்டர் அகலத்தில் 21.1 என்பது ஏறக்குறைய 27.5 ஆகிறது, அதில் கால் பங்கு 6.9. அலைவழி பற்றிய அந்தச் சமன்பாட்டை இளங்கலையில் தேர்வுக்காக எழுதியிருக்கிறேன். தகரத்தில் துளை போடுவதற்காக அதைப் பயன்படுத்தியபோதுதான் எனக்கு அது சொந்தமானது.

மற்றவை எல்லாம் வாங்கியவை. 1420 மெகாஹெர்ட்ஸுக்கென வடிகட்டியோடு வரும் குறைந்த இரைச்சல் பெருக்கி, டிவி பார்ப்பதற்காக உருவாகி இப்போது ரேடியோ ஆர்வலர்கள் கையில் வலம் வரும் யூஎஸ்பி டாங்கிள், ஒரு பழைய மடிக்கணினி. வடிகட்டி கட்டாயம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலகம் முழுவதும் விதி இருக்கிறது. ஆனாலும் அக்கம்பக்கத்து செல்போன் கோபுரங்கள் பெருக்கியைத் திணறடித்துவிடும்.

விடுதிக்கு இரவு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும். ஆகவே புனலை மொட்டைமாடியில் நேர் மேலே பார்க்கும்படி நிறுத்தி, பதிவைக் கணினியிடம் விட்டுவிட்டோம். பூமி சுழலச் சுழல வானம் புனலின் பார்வையைக் கடந்து போகும். கோவையின் உச்சியில் 24 மணி நேரத்துக்குள் பால்வழி இரண்டு முறை வரும். ஒருமுறை ஓரியனை ஒட்டிய வெளிப்புறம், இன்னொருமுறை கழுகு மண்டலத்தை ஒட்டிய உட்புறம்.

பிப்ரவரி கடைசியில், இரவு எட்டு மணி வாக்கில் பதிவான நிறமாலையில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் வரைபடத்தில், ஒரு மேடு தெரிந்தது. நாங்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு பேராசிரியையிடம் போனோம். அவர் அச்சிட்ட தாளை நன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. இது வானத்துல இருந்துதான் வருதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார். மீதி செமஸ்டர் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் போனது. இந்தப் பாடத்தின் உயிரே அதுதான் என்று நினைக்கிறேன்.

டாங்கிளின் மைய அதிர்வெண்ணை மாற்றினோம். மேடு அதோடு நகராமல் தன் இடத்திலேயே இருந்தது, ஆகவே டாங்கிள் உண்டாக்கியது அல்ல. புனலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எந்த அலையையும் பிடிக்காத 50 ஓம் முனைத்தடையை மாட்டினோம், மேடு மறைந்தது. புனலைச் சுவர் பக்கம் திருப்பினோம், அப்போதும் மறைந்தது. ஆனால் இதெல்லாம் சேர்ந்தும், தினமும் இரவு எட்டு மணிக்கு யாரோ போடும் ஒரு விளக்கின் இரைச்சலை முழுதாக விலக்கிவிடாது. அதை விலக்கியது நாள்காட்டி. விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி வரும். மார்ச் கடைசியில் எங்கள் மேடு மாலை ஆறு மணியைத் தாண்டியதும் வந்தது. ஊரில் எந்த விளக்கும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்திக்கொண்டே போகாது.

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. மேட்டின் உச்சி 1420.4-இல் இல்லை, 1420.2-க்குப் பக்கத்தில் இருந்தது. டாங்கிளுக்கு அதிர்வெண் அளவுகோலாக இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் 1.4 கிலோஹெர்ட்ஸ்தான் பிசகும். எங்களிடம் இருந்ததோ 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அலை வரும் இடத்தை விட்டு நாம் விலகினால் அதிர்வெண் குறையும், நெருங்கினால் கூடும். இதுதான் டாப்ளர் விளைவு. இந்த அதிர்வெண்ணில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் என்றால் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். மார்ச் மாதத்தில் நாம் ஓரியன் பக்கத்தை விட்டு ஏறக்குறைய அந்த முழு வேகத்தில் விலகிப் போய்க்கொண்டிருக்கிறோம். சூரியனும் அண்டை விண்மீன்களுக்கு நடுவே தன் போக்கில் நகர்வதால் இன்னும் 15 கிலோமீட்டர் சேர்கிறது. கூட்டிப் பார்த்தால் 200 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது. பூமி ஓடுவதை ஒரு தகரப் புனல் கொண்டு அளந்துவிட்டோம் என்று புரிந்தபோது தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

காலையில் வரும் கழுகு மண்டலப் பக்கத்து மேடு இதற்கு நேர்மாறு. பூமி அதை நோக்கி ஓடுவதால் 1420.4-க்கு மேலேயும் ஏறியிருந்தது, அகலமாகவும் இருந்தது. அந்தத் திசையில் பார்வை பால்வழியின் உட்புறத்தைத் துளைத்துப் போவதால், வெவ்வேறு வேகத்தில் சுழலும் வாயு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெரிகிறது. அதன் ஓரத்திலிருந்து கணக்கிட்ட சுழற்சி வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. எங்கள் புனலின் பார்வை 20 பாகை அகலம் என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாக வலியுறுத்த மாட்டேன்.

இடையில் ஊட்டிக்கு அருகே முத்தொரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வந்தோம். 1970-இல் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்கே சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பியே விண்மீனைத் தொடர முடிகிறது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். 1420.4 மெகாஹெர்ட்ஸில் கிளம்பிய அலை, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு நீண்டு 326.5 ஆக வந்து சேர வேண்டுமானால், அது மிகத் தொலைவிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். எங்கள் மொட்டைமாடிக்கு வந்த அதே ஹைட்ரஜனை அங்கே அவ்வளவு ஆழத்தில் தேட முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு கீழே இறங்கினோம்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் புனல் சரியாக உச்சியைத்தான் பார்த்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கோவையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சல் சேர்ந்தே உயர்ந்து, 12.22 மணி வாக்கில் உச்சம் தொட்டதைக் காட்டினோம். கோவையின் தீர்க்கரேகைக்கு நண்பகல் அப்போதுதான்.

இந்தப் பாடத்தை எடுக்க நினைப்பவர்கள் டிசம்பரிலேயே திட்டத்தை முடிவு செய்துவிடுங்கள். பொருள் வந்து சேரத்தான் அதிக நாள் ஆகும். புனலைத் துறையிலேயே விட்டு வந்திருக்கிறோம். பால்வழியின் மையம் கோவையின் உச்சியிலிருந்து 40 பாகை தெற்கே கடந்து போகிறது. அங்கே திருப்ப, சாயும் மரத்தாங்கி ஒன்று வேண்டும். அதற்கான வரைபடம் எங்கள் ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.