ஏழு தடவை சொல்ல வைத்த வரி

"சாரி சொன்னா காசா பணமா? சொல்லிட்டுப் போங்களேன்."

வகுப்பில் நான் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கேள்வி கேட்டவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் கேட்டது: "தப்பு நம்ம மேல இல்லைன்னா எதுக்கு மேடம் சாரி சொல்லணும்?"

ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுப்பவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவராவது கேட்பார். பெரும்பாலும் 'சாரி டு ஹியர் தட்' வரும்போதுதான் கேட்பார்கள். கூட வேலை பார்ப்பவரின் அப்பா தவறிவிட்டார், அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். 'ஐ ஆம் சாரி' சொல்லலாம் என்றால், "நானா மேடம் கொன்னேன்?" என்று ஒரு குரல் வரும். நேரம் இருக்கும் நாளில் நின்று விளக்குவேன். தொண்டை வலிக்கு 'ஸோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'ஸோர்'தான் சாரிக்கும் வேர். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் புண், வலி என்று பொருள். அதிலிருந்து வந்த சாரிக்கு மனம் நொந்திருப்பது என்று மட்டும்தான் அர்த்தம் இருந்தது, மன்னிப்புக் கேட்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா போனவரிடம் சொல்லும் சாரி அந்தப் பழைய சாரி. இதைச் சொன்னால் முகங்கள் தெளியும்.

அன்றைக்கு நேரம் இல்லை. ஒரு மணி நேரத்தில் 40 வரிகள் முடிக்க வேண்டும். அதனால் காசா பணமா.

இரண்டு வாரம் கழித்து அவர் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். ஆன்லைன் வகுப்பில் முன்னதாக வருபவர்களை உடனே உள்ளே விட்டுவிடுவேன், சும்மா இரண்டு வார்த்தை பேசினால் அதுவும் பயிற்சிதானே. வழக்கம்போல 'ஹவ் வாஸ் யுவர் டே' என்று கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"மேடம், நீங்க சொன்ன சாரியைத்தான் சொன்னேன்."

விஷயம் இதுதான். ஒரு வேலை தாமதமாகியிருக்கிறது. வேறொரு டீமிடமிருந்து வரவேண்டிய ஃபைல் வரவில்லை, இவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கிளையண்டுடன் நடந்த ஃபோன் காலில் ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் அன்று இல்லை, இவர்தான் பேச வேண்டும். 'சாரி அபௌட் தட். இட் வாஸ் மை மிஸ்டேக்' என்றிருக்கிறார். அவர்களும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்த மீட்டிங் மினிட்ஸில், அதாவது பேசியதைத் தொகுத்து அனுப்பும் குறிப்பில், தாமதத்துக்குக் காரணம் இவர், அதை இவரே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி. அது மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் போயிருக்கிறது.

நான் முதலில் கேட்டது இதைத்தான்: "சாரி மட்டுமா சொன்னீங்க?"

அவர் இரண்டு வரியையும் மறுபடி சொல்லிக் காட்டினார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதை நான் கவனித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சாரி வேற, மிஸ்டேக் வேற. நம்ம மேல தப்பு இருந்தாத்தான் அந்த ரெண்டாவது வரின்னு அன்னைக்கே சொன்னேனே."

கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்படியா மேடம், நான்தான் கவனிக்கல போல. சாரி மேடம்" என்றார். நானும் வாய்ப்பழக்கத்தில் 'நோ ப்ராப்ளம்' என்றேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், வகுப்பைத் தொடங்கினோம்.

எங்கள் வகுப்புகள் எல்லாம் பதிவாகும். வர முடியாதவர்கள் பிறகு பார்த்துக்கொள்வதற்காக. அன்று இரவு அந்த இரண்டு வார முந்தைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். நான் சொன்னேனா இல்லையா என்று பார்க்கத்தான். உண்மையைச் சொன்னால், சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில்தான் பார்த்தேன். அந்தத் துண்டை வெட்டி அவருக்கு அனுப்பலாம் என்றுகூட ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது.

பதிவில் நான் திரையில் தாளைக் காட்டுகிறேன். முதல் நான்கு வரிகளை கர்சரால் சுற்றிவிட்டு, "இந்த நாலும் ஒரே குடும்பம். எது வாயில வருதோ அதைச் சொல்லுங்க" என்கிறேன். நான்கில் கடைசி வரி 'இட் வாஸ் மை மிஸ்டேக்'. தப்பு இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வரியை ஒவ்வொருவராகச் சொல்ல வைத்துக்கொண்டே வருகிறேன். இவர் முறை வந்ததும் 'இட் இஸ் மை மிஸ்டேக்' என்கிறார். நான் நிறுத்துகிறேன். இஸ் இல்லை, வாஸ். நடந்து முடிந்ததல்லவா, இறந்தகாலம். மறுபடி இஸ் வருகிறது. மறுபடி நிறுத்துகிறேன். எண்ணினேன், ஏழு தடவை. வகுப்பில் வேறு யாரையும் எந்த வரிக்கும் அத்தனை தடவை சொல்ல வைக்கவில்லை. ஏழாவது தடவை சரியாக வந்ததும் 'பெர்ஃபெக்ட்' என்கிறேன். "யோசிக்காதீங்க, தானா வரணும்" என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

தானாகத்தான் வந்திருக்கிறது. இறந்தகாலம்கூடப் பிசகாமல்.

இந்த இடத்தில் என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருபவர்கள் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு வாயைத் திறக்க முடியாதவர்கள். இலக்கணம் கேட்டால் சிலர் எனக்கே பாடம் எடுப்பார்கள். பேசச் சொன்னால் தலைக்குள் தமிழில் ஒரு வாக்கியம் செய்து, அதை மாற்றி, டென்ஸ் சரிபார்த்து முடிப்பதற்குள் எதிராளி அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வரிகளை முழுசாக, பொட்டலம் மாதிரி கையில் கொடுத்தால்தான் முதல் வாய் திறக்கும். அர்த்தம் பிறகு நிரம்பும். இந்த முறையில் பேச ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

தவிர, அவர் சின்னப் பிள்ளை இல்லை. ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவர். 'மிஸ்டேக்' என்ற சொல் தெரியாதவரா? தமிழில் அதே கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால், "என் தப்புதான்" என்று சொல்லியிருப்பாரா? நிச்சயம் மாட்டார். ஃபைல் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

இதை என் பக்கத்து வாதமாகத்தான் யோசிக்க ஆரம்பித்தேன், யோசிக்க யோசிக்க அது எனக்கே எதிராகத் திரும்பிவிட்டது. தமிழில் சொல்ல மாட்டார், ஏனென்றால் அந்த வார்த்தையின் கனம் அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் கனம் அவருக்கு இன்னும் தெரியாது. தெரியாதவரிடம்தான் நான் அது காசும் இல்லை, பணமும் இல்லை என்றேன்.

மொழியியலாளர் ஜெனி தாமஸ் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியதுதான். ஒருவர் இலக்கணத்தில் தவறினால் கேட்பவர், இவருக்கு மொழி சரியாக வராது என்று நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான். இலக்கணம் சரியாக இருந்து, இடம் தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆளையே தப்பாக எடைபோடுவார். படிக்கும் காலத்தில் இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பாருங்கள், என் மாணவர் இஸ் என்றே சொல்லியிருந்தால், ஏதோ தடுமாறுகிறார் என்று மினிட்ஸ் எழுதியவர் விட்டிருக்கலாம். வாஸ் என்று தெளிவாகச் சொன்னதால்தான் அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது.

தூக்கம் வராமல் தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த சாரிக்கு, அதையே நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1986-லேயே ஒரு சட்டம். விபத்தில் அடிபட்டவரிடம் அனுதாபமாகச் சொன்ன வார்த்தையைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்டக்கூடாது என்கிறது. அனுதாபம் மட்டும்தான், தப்பு என்னுடையது என்பது அதில் சேராது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-ல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போய், தப்பை ஒப்புக்கொள்ளும் சொற்களையும் மன்னிப்பு என்ற வரையறைக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறது. அதே 2006-ல் இங்கிலாந்திலும், 2009-ல் கனடாவின் ஒன்டாரியோவிலும் மன்னிப்பைப் பற்றிச் சட்டங்கள் வந்தன. அதாவது என் தாளின் முதல் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவில் கோடு எங்கே என்று சட்டசபைகள் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. நான் கர்சரால் ஒரே வட்டம் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் படித்தபோது முதலில் ஒரு ஆறுதல்தான் வந்தது, ஓ, அவர்களுக்கே குழப்பம்தானா என்று. அடுத்த நிமிடமே, இந்தச் சட்டமெல்லாம் கோர்ட்டுக்குத்தானே, மீட்டிங் மினிட்ஸுக்கு எந்தச் சட்டம் இருக்கிறது என்றும் தோன்றியது.

மறுநாள் அவர் மெசேஜ் அனுப்பினார். விளக்கம் கொடுத்து மெயில் போடச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று. உடனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியில் ஃபைல் கேட்டார், எத்தனை முறை நினைவூட்டினார், எப்போது வந்தது, எல்லாம் வரிசையாக. நன்றாகவே வந்திருந்தது. அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

"நன்றி மேடம். முதல் வரியை மட்டும் எடுத்துட்டேன்."

போய்ப் பார்த்தேன். முதல் வரியாக நான் எழுதியிருந்தது, 'சாரி ஃபார் த கன்ஃபியூஷன்'.

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு திருத்தம் செய்ததைத் தெரிவித்தார், அவ்வளவே. ஆனால் அந்த வரி என் கையிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை, தானாக வந்தது.

பதிவைப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது, மெயில் போய்விட்டது, பிரச்சினை ஓரளவு அடங்கிவிட்டது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். டீச்சர் தடுமாறுவதைப் பார்த்தால் மாணவருக்கு இருக்கும் கொஞ்சம் நம்பிக்கையும் போய்விடும் என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அது நல்ல காரணம்தானா என்று தெரியவில்லை. அவர் 'நான்தான் கவனிக்கல போல' என்று சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. தன் மேல் இல்லாத தப்பை அவர் இரண்டாவது தடவையாக ஏற்றுக்கொண்டது என் வகுப்பில், தமிழில். தமிழில் சொல்ல மாட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிட வேண்டும்தான். விட்டுவைக்கிறேன்.

மீதி வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார். பேச்சு கொஞ்சம் மெதுவானது போல எனக்குத் தோன்றியது. பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினார். அதை முன்னேற்றம் என்பதா, பயம் என்பதா? அடுத்த நிலைக்கு அவர் சேரவில்லை. வேலை அதிகம் என்றார்.

தாளை மாற்றிவிட்டேன். இப்போது அதில் 39 வரிகள்தான், அந்த நான்காவதை எடுத்துவிட்டேன். முதல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சூழல் எழுதி, சாரிக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குகிறேன். காசா பணமா என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்கிறேன்.

போன பேட்ச்சில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றார். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், நிஜமாவே என் மேலதான் தப்புன்னா என்ன சொல்றது? இதுல இல்லையே."

சாட் பெட்டியைத் திறந்து தட்டச்சு செய்து கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, சொல்லிக் காட்டட்டுமா என்று கேட்டார். ஒரு தடவை போதும் என்றேன். இஸ் என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை.