சகலனும் நானும் அடைச்ச வேலி

போன ஐப்பசியில நடந்த கதை, மழை துவங்க முதல் வேலிய அடைச்சுப்போடணும் எண்டு வீட்ட ஒரே ஆக்கினை. நாங்க இரிக்கிறது மட்டக்களப்பு ஆரையம்பதியில. மாமிட 30 பேர்ச் வளவ ரெண்டாப் பிரிச்சு என்ட மனிசிட அக்காவுக்குப் பாதி, மனிசிக்குப் பாதி. நம்மட பக்கத்தில வீடு வளவெல்லாம் பொம்பிளப் புள்ளைகளுக்குத்தானே, அதனால நானும் சகலனும் வந்து குடியேறின ஆக்கள், எல்லை எங்க எண்டு கேட்டாலும் மாமியத்தான் கேக்கணும். ஒம்பது வருசமா நடுவில வேலி இல்ல, தேவையும் வரல்ல. மறுகா அக்கா மூணு ஆடு வாங்கினா. என்ட மனிசி பயிற்றங்கொடி போட்டா. மிச்சத்த நான் சொல்லத் தேவல்ல.

நூல் புடிக்கக்குள்ளயே பிரச்சின, எல்லையில சரியா ஒரு முருங்க நிக்கிது. வெட்டவும் ஏலா, அது ஆருக்கு எண்டு சொல்லவும் ஏலா. சகலன் நூல அந்தப் பக்கத்தால வளைப்பம் எண்டாரு, நான் இந்தப் பக்கத்தால எண்டன், மாமி திண்ணையில இருந்து "78 சூறாவளியில வேலியெல்லாம் பறந்து ஆர்ர வளவு எது எண்டே தெரியாமக் கிடந்த நாங்க, நீங்க ஒரு முருங்கைக்கு நிக்கிறீங்க மனே" எண்டு சொன்னாவு. முருங்கையவே ஒரு கட்டையா வெச்சு அடைக்கிறது எண்டு முடிவாச்சு.

கதியால், அதான் வேலிக்கு நடுற கட்ட, கிளிசரியா மரம். சகலன்ட கூட்டாளி ஒராள் ஆத்துக்கு அங்கால படுவான்கரையில வயல் வரம்பில வெட்டித் தந்தது. முந்தியெண்டா பாதை எண்டுற மிதவையில ஏத்தித்தான் ஆத்தக் கடக்கணும், 2014ல மண்முனைப் பாலம் திறந்தாப்புறகு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின்ல நேரா வாசலுக்கே வந்திட்டு. 92 அடி நீளம், ரெண்டடிக்கு ஒண்டு, முருங்கையத் தள்ளி 46 கதியால், ஆளுக்கு 23. கிணத்தடியில இருந்து அவரு, றோட்டுப் பக்கத்தில இருந்து நான். நடுவில சந்திக்கிறது.

கடக்கரை மணலில கிடங்கு கிண்டிப் பாத்த ஆக்களுக்குத்தான் தெரியும். அலவாங்கால குத்தி எடுக்க எடுக்க மணல் சரிஞ்சு மூடுது, தண்ணி ஊத்தினா ஒரு நிமிசம் நிக்கிது, அதுக்குள்ள கட்டைய இறக்கணும், இறக்கிப்போட்டு நிமிர்ந்தா அது குடிகாரன் மாதிரிச் சாயிது. நான் கந்தோரில கதிரையில இருந்து வேல செய்யிற ஆள், ஆறாவது கிடங்கோட இடுப்பு விட்டுப்போச்சு. கிடங்க ஆழமாக் கிண்டுறதுக்குப் பதிலாக் கட்டையக் கூராச் சீவி அடிச்சு இறக்கினா என்ன எண்டு ஒரு யோசின வந்திச்சு பாருங்க. மொத்தமான அடிப்பக்கம் கத்திக்குச் சீவுப்படுதில்ல, மற்றப்பக்கம் மெல்லிசு, பென்சில் மாதிரி வடிவாச் சீவுப்பட்டிச்சு. சகலன் எட்டாவது கட்டையில நிக்கக்குள்ள நான் பதினைஞ்சு முடிச்சிட்டன். "என்னண்ணே, உதவி வேணுமா?" எண்டு ஒரு சத்தமும் போட்ட நான். அந்த வாய்க்குத்தான் இண்டைக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கன்.

இடையில தேத்தண்ணி குடிக்கப் போனன், வடையும் இருந்ததால கொஞ்சம் சுணங்கிட்டு. திரும்பி வந்தா மனிசன் தன்ட வேலைய முடிச்சிட்டு என்ட பக்கத்திலயும் நாலு கட்ட நட்டுப்போட்டு நிக்காரு. பின்னேரம் காத்தான்குடியில முள்ளுக்கம்பி வாங்கி வந்து நாலு வரி இழுத்தம், கீழால ஆடு பூராம கிடுகு வெச்சுக் கட்டினம், முடிஞ்சு எண்டு கையக் கழுவக்குள்ள என்ட மனிசி வாளியோட வந்து நிக்கா. கிணறு அக்காட பக்கத்தில. போய்வரக் கடப்பு விட ரெண்டு பேருக்கும் ஞாபகமில்ல. "ஆடு இஞ்சால வரப்படா எண்டுதான் சொன்னன், என்ன அங்கால போகப்படா எண்டா சொன்னன்?" மறுகா இருட்டுக்குள்ள டோர்ச் அடிச்சுக் கம்பிய வெட்டின கதைய விடுவம்.

கார்த்திகையில மழ அடிச்சு ஊத்திச்சு. ஒரு நாள் காலம வெயில் எறிக்க வெளிய வந்து பாத்தா கிணத்தடியில இருந்து பாதி வேலி பச்சப் பசேலெண்டு தளிர் விட்டு நிக்கிது. மற்றப் பாதி மொட்டக் கட்ட, நடுவில நாலு மட்டும் இல விட்டிருக்கு. அந்த நாலும் எது எண்டு உங்களுக்கு விளங்கியிருக்கும், எனக்கு விளங்க ரெண்டு நாள் எடுத்திச்சு.

சகலன் வந்து ஒரு கட்டையத் தடவிப் பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு, மறுகா ஒண்டும் பேசாம நிலத்தில குந்தியிருந்து சிரிச்சாரு. "தம்பி, எல்லாத்தையும் தலகீழா நட்டிரிக்காய்." தேயில, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் எண்டு அரசாங்கமே சொன்ன மரம் அது, வெட்டிப் போட்ட இடத்தில முளைக்கிற சாமான். என்ட கையில 19 கட்ட செத்திட்டு.

சொந்தக்காரர் ஆர் வந்தாலும் அக்கா முதல்ல வேலியத்தான் காட்டுறா. எங்க தொடங்கி எங்க முடியிது எண்டு விளக்கம் வேற. அவங்கட ஆடு அவங்கட பக்கத்து இலையத் திண்டு கொழுத்துப் போச்சு, என்ட பக்கத்த மணந்து பாத்துப்போட்டுத் திரும்புது. மாமி மட்டும் எனக்காக ஒரு சொல் பேசினாவு, "இல இல்லாட்டி என்ன, மருமகன் நட்டது நல்லா வெயில் படுது" எண்டு. இப்ப அந்த 19 கட்டையிலயும் கொடிக்கயிறு கட்டி, ரெண்டு வீட்டுச் சாரமும் சீத்தையும் அதிலதான் காயுது.