அப்பாவுக்குப் பொட்டாசியம் 7.2

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி இருக்கும், அம்மா போன் பண்ணினார். "அப்பா கட்டிலை விட்டு எந்திரிக்க முடியலைங்கிறாரு கண்ணு, காலு ரெண்டும் மரக்கட்டையாட்ட இருக்குதாம்." நான் இருப்பது கோவையில், அவர்கள் ஆனைமலைப் பக்கம் தோப்பில். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை வந்து 18 வருடம், பிரஷர் பத்து வருடம், கிட்னி மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் கொஞ்ச காலமாக 1.8க்கும் 2க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். தம்பி விரலில் குத்திப் பார்த்தான், 164. பிரஷரும் வழக்கம்போலத்தான். நாடி மட்டும் 46 என்று காட்டியது, மெஷினில் பேட்டரி போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அந்த 46தான் அன்றைக்குக் கிடைத்த முதல் துப்பு என்று இப்போது புரிகிறது.

ஊரில் எங்கள் குடும்பம் எப்போதும் போகிற டாக்டர் அப்பாவைப் பார்த்ததும் முதலில் ஈசிஜி எடுத்தார். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். சாதாரணமாக ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு சின்ன மேடு இருக்கும், அதை டி அலை என்பார்கள். அப்பாவின் காகிதத்தில் அந்த மேடு குறுகலாக, நுனி கூர்மையாக, கூடாரம் அடித்த மாதிரி உயர்ந்து நின்றது. டாக்டர் தம்பியிடம் சொன்னது இது: "அட்டாக் மாதிரி தெரியலீங்க தம்பி. பொட்டாசியம் நல்லா ஏறியிருக்கும்னு நினைக்கிறேன். ரத்த ரிப்போர்ட்டுக்கு உட்காந்திருக்க வேண்டாம், உடனே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்க."

தம்பிக்கு ஒரு சந்தேகம். முந்தின வருடம் ஒரு லேபில் பொட்டாசியம் 5.9 என்று வந்து எல்லோரும் பயந்து, அன்று மாலையே வேறு இடத்தில் எடுத்தபோது 4.7 வந்தது. கையில் இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்காமல் விரலை மூடித் திற, மூடித் திற என்று சொல்லி எடுத்த ரத்தம் அது. அப்படி எடுக்கும்போது கைத் தசையிலிருந்தும், உடைகிற சிவப்பணுக்களிலிருந்தும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும், ரிப்போர்ட்டில் பொய்யாக அளவு கூடும். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள்ளேதான் இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது கடுகளவு. "போன தடவையாட்டப் பொய்யா இருக்குமோ சார்?" என்று தம்பி கேட்டதற்கு டாக்டர், "ரத்தம் எடுத்ததுல தப்புன்னா ஈசிஜி இப்படி மாறாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நான் இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஈசிஜி நன்றாக இருந்தால் பொட்டாசியமும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. சிலருக்கு 7 தாண்டியும் ஈசிஜி பெரிதாக மாறாது.

108 வண்டியில் வந்தார்கள், நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தேன். எமர்ஜென்சியில் ரத்த வாயு பார்க்கிற மெஷினில் சில நிமிடத்தில் எண் வந்துவிட்டது, 7.2. சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. கிரியேட்டினின் 3.4. ரத்தத்தில் அமிலமும் கூடியிருந்தது. அப்பா முழு நினைவோடு, "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, காலு மட்டுந்தான் வரல" என்று பேசிக்கொண்டிருந்தார். வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. ஆனால் எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகலாம் என்று எமர்ஜென்சி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பேசிக்கொண்டிருக்கிற மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னால் எப்படி நம்புவது?

முதலில் போட்டது கால்சியம் குளுக்கோனேட், பத்து மில்லி. நர்ஸ் அம்மா ஒருவர் அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண் மானிட்டரிலும் ஒரு கண் சுவர்க் கடிகாரத்திலுமாக, கட்டை விரலால் சிரிஞ்சை இம்மி இம்மியாக அழுத்தினார். நிமிடங்கள் போய்க்கொண்டே இருந்தன, சிரிஞ்சு காலியாகவே இல்லை. ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன், வேகமாகப் போட்டால் அதுவே இதயத்துக்கு ஆபத்து என்றார். திரும்ப ஈசிஜி எடுத்தார்கள், கூடாரம் அப்படியேதான் நின்றது, இன்னொரு பத்து மில்லி போட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்ததில் அந்த நுனி கொஞ்சம் மழுங்கியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பொட்டாசியம் குறைந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லையாம். கால்சியம் பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத் தசையை அது தாக்காமல் காவல் மட்டும் காக்கும், அதுவும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குத்தான். அந்த அவகாசத்தில் மற்ற வேலைகளை முடித்தாக வேண்டும்.

அடுத்து இன்சுலின். இங்கேதான் நான் டாக்டரோடு வாதாடினேன். காலையில் சர்க்கரை 164தானே, எதற்கு நரம்பில் பத்து யூனிட்? அவர் பொறுமையாகச் சொன்னார்: இது சர்க்கரைக்கு இல்லை, இன்சுலின் செல்லின் கதவைத் திறந்து ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும், சர்க்கரை இறங்காமல் இருக்கக் கூடவே குளுக்கோஸ் ஏற்றுவோம். கூடவே நெபுலைசரில் சால்பியுடமால், வீசிங்குக்கு வைக்கிற அதே மருந்து, ஆனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அதுவும் உள்ளே தள்ளுகிற வேலையைத்தான் செய்யும். அப்பாவுக்குக் கை நடுங்கியது, படபடப்பாக இருக்கிறது என்றார். மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மூன்றாவது மணியில் 66க்கு இறங்கி, திரும்பவும் குளுக்கோஸ் போட வேண்டியிருந்தது. கிட்னி சரியில்லாதவர்களுக்குப் போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால், ஆறு மணி நேரமாவது சர்க்கரை பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொள்ளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

மதியம் பொட்டாசியம் 6.1. அப்பாடா என்று அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் 6.5! நான் உடைந்துபோனேன். கிட்னி டாக்டர் வந்து விளக்கினார், உள்ளே தள்ளினது உள்ளேயேதான் இருக்கும், இன்சுலின் வேலை தீர்ந்ததும் திரும்ப வெளியே வரும், உடம்பை விட்டே போக மூன்று வழிதான், மூத்திரம், மலம், டயாலிசிஸ். மூத்திரத்துக்கு லேசிக்ஸ் ஊசியோடு அளந்து சலைனும், அமிலத்துக்குச் சோடா பைகார்பும் போய்க்கொண்டிருந்தது. மலத்தில் வெளியேற்ற ஒரு பொடி, கால்சியம் பாலிஸ்டைரின் சல்ஃபோனேட், 15 கிராம் பாக்கெட். தண்ணீரில் கரையவே கரையாது, டம்ளரின் அடியில் மணல் மாதிரி தங்கும், கரண்டியால் கலக்கிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், பல்லெல்லாம் சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கிறது என்றார். அது மலச்சிக்கல் பண்ணும் என்று இரவில் லாக்டுலோஸ் சிரப்பும் கொடுத்தார்கள். இரவு குறையவில்லை என்றால் டயாலிசிஸ் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் மூத்திரம் நன்றாகப் போக ஆரம்பித்தது, நான் அந்தப் பையின் அளவுக்கோட்டைப் பார்த்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் 5.6. மூன்றாம் நாள் 4.9. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

சரி, இது எப்படி வந்தது? கிட்னி டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மாசியில் மூத்திரத்தில் புரதம் போகிறது என்று டெல்மிசார்டன் என்கிற பிரஷர் மாத்திரையை 40லிருந்து 80 ஆக்கியிருந்தார்கள். கிட்னியைக் காப்பாற்றுகிற நல்ல மாத்திரைதான், ஆனால் அது பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். அதனால்தான் "2 வாரம் கழித்து கிரியேட்டினின், பொட்டாசியம்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா வீட்டுக் கல்யாணம் வந்தது, தேங்காய் வெட்டு வந்தது, யாரும் போகவில்லை. அந்தச் சீட்டு என் கைப்பைக்குள்ளேயேதான் இருந்தது. அப்புறம் முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கின டைக்ளோஃபெனாக், ஒன்பது நாள், ஒரு நாளைக்கு இரண்டு. அது கிட்னிக்குப் போகிற ரத்தத்தையே குறைத்துவிடும், டெல்மிசார்டனோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அப்புறம் தம்பி அக்கறையாக வாங்கி வந்த சோடியம் குறைந்த உப்பு, பிரஷருக்கு நல்லது என்று. அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருக்கிறது. அவன் அன்றைக்கு அழுதுவிட்டான்.

கடைசியாகத்தான் இளநீர் வந்தது. எங்களுக்குத் தோப்பு இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது, "கிட்னிக்கு இளநி குளிர்ச்சி" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்ல, அப்பா தினமும் மூன்று குடித்திருக்கிறார். ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், உங்களுக்கும் எனக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. கிட்னி பாதியில் நிற்கிறவருக்கு அது எமன். அத்தை ஒருவர் அனுப்பின வாழைத்தண்டு சாறும் அதே கணக்குதான். இதில் ஏதோ ஒன்று மட்டும் என்றால் 5.5ல் நின்றிருக்கும், எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். எனக்குக் கோபம் யார்மேலும் இல்லை, அந்த ஒரு சீட்டைப் பைக்குள் வைத்திருந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. டெஸ்டுக்கு முன்னூறு, நானூறு ரூபாய் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு சமையல்தான் பெரிய பாடு. எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட வேண்டும். சத்தெல்லாம் போகுதே என்று அம்மாவுக்கு மனசே வரவில்லை. முதல் வாரம் வடித்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைத்திருந்தார்! இப்போது பழகிவிட்டது. சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் அதிகம், முருங்கைக்கீரையும் தேங்காய்ப்பாலும் இல்லை, பழத்துக்கு ஒரு துண்டு ஆப்பிள் அல்லது அன்னாசி. ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, உங்கள் டாக்டரிடம் கேட்காமல் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

டெல்மிசார்டனை ஆறு வாரம் நிறுத்திவிட்டு, பிரஷருக்கு அம்லோடிபின் என்கிற வேறு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் 20ல் திரும்ப ஆரம்பித்தார்கள். பயமாக இருக்கிறதே என்றேன். மாத்திரை தப்பில்லை, பார்க்காமல் விட்டதுதான் தப்பு, கிட்னி இன்னும் பல வருடம் ஓட இது வேண்டும் என்றார் கிட்னி டாக்டர். ஒரு வாரத்தில் டெஸ்ட், 4.8. அதன் பிறகு மாதம் ஒரு தடவை தம்பியே லேபுக்குக் கூட்டிப் போகிறான்.

அப்பாவின் சட்டைப் பைக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கிட்னி பாதிப்பு உள்ளது, பொட்டாசியம் ஏறும், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை தரக் கூடாது. போன வாரம் பல்வலிக்கு மெடிக்கலுக்குப் போனவர், கேட்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து நீட்டியிருக்கிறார். கடைக்காரத் தம்பி படித்துப் பார்த்துவிட்டுப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.