கொழுத்த கன்றை வளர்த்தது யார்?

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் இளைய மகன் வீடு திரும்புகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார்கள். அந்தக் கன்றுக்கு அத்தனை நாளும் தீனி போட்டவர் யார் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. மூத்தவன்தான் போட்டிருப்பான். வீட்டில் பாட்டும் ஆட்டமும் தொடங்கிய நேரத்திலும் அவன் வயலில்தான் நிற்கிறான்.

எனக்குள் இந்தக் கேள்வியை எழுப்பியவை ஆங்கிலக் காதல் கதைகள். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சித்தி அனுப்பும் பெட்டியில் சாக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே எப்போதும் ஓரிரண்டு புத்தகங்கள் கிடக்கும். மொன்டானா, வயோமிங், டெக்சஸ் பக்கத்து ராஞ்சுகளில், அதாவது பெரிய மாட்டுப் பண்ணைகளில் நடக்கும் கிறிஸ்தவக் கதைகள். ஹார்லிக்வின் நிறுவனம் 1997இல் கிறிஸ்தவக் காதல் கதைகளுக்கென்றே 'லவ் இன்ஸ்பயர்ட்' என்று ஒரு வரிசை தொடங்கியது. ராஞ்சுக்குத் திரும்புகிற கதைகளின் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். நகரத்துக்குப் போன மகளோ மகனோ, தகப்பன் படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வருகிறார். பண்ணை கடனில் இருக்கிறது. பழைய காதல் பக்கத்து வேலியில் நிற்கிறது. முத்தத்துக்கு மேல் எதுவும் நடக்காது. காதலோடு சேர்ந்து, விட்டுப்போன ஜெபமும் திரும்ப வேண்டும்.

காதலுக்காகவும்தான் படிக்கிறேன். ஆனால் நான் இரண்டாம் முறை திருப்பிப் படிக்கிற பக்கங்கள் மாட்டு வேலை வருகிற பக்கங்கள். மொன்டானாவில் பனி விலகாத பெப்ரவரி, மார்ச்சிலேயே பசுக்கள் கன்று போடத் தொடங்கிவிடும். தலையீற்றுப் பசுக்களை இரவில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். கன்று பின்புறமாக வந்தால் காலில் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும். ஈரத்தோடு பனியில் கிடந்தால் காது உறைந்துபோகும் என்று வீட்டுக்குள்ளே தூக்கி வந்து துடைப்பார்கள். அப்படி ஒரு இரவில் இரண்டு பேர் பேச்சில்லாமல் ஒரு கன்றைப் பிழைக்க வைத்துவிட்டு, விடியும்போது கை கழுவுகிற இடத்தில் காதல் வந்தால் எனக்கு முழு நம்பிக்கை வருகிறது. அதே இரண்டு பேர் தேவாலய வாசலில் நின்று விசுவாசத்தைப் பற்றி ஒரு பக்கம் பேசினால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஜெபம் அந்தத் தொழுவத்தில் ஏற்கெனவே நடந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு விளங்குவதற்குக் காரணம் இலங்கையின் கிழக்கே, திருகோணமலைப் பக்கத்தில் இருக்கும் மூதூர். அம்மாவின் ஆட்களுக்கு அங்கே மாட்டுப் பட்டி இருந்தது, இன்னும் இருக்கிறது. பெரும்போகம் விதைத்துவிட்டால் வயற்பக்கம் மாடு வரக் கூடாது. காட்டோரம் சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடியும் வரை அங்கேயே பட்டி அடைத்து, வாடி என்கிற சிறு குடிசை போட்டு, மார்கழி மழையில் கிடக்க வேண்டும். அதனால் பெரிய மாமா நத்தார் ஆராதனைக்கு வந்ததே அபூர்வம். காலையில் பால் கறந்து அனுப்பிவிட்டு அவர் அங்கேயே இருப்பார். நாங்கள் திருகோணமலையில் புதுச் சட்டையோடு கோயிலுக்குப் போவோம். அம்மம்மா மட்டும் சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு கோப்பை எடுத்து வைப்பார்.

சின்ன மாமா எண்பதுகளில் கனடா போனார். அந்தக் காலத்தில் போன எத்தனையோ பேரைப் போல, உயிர் தப்பப் போனவர். அவர் பிழை ஒன்றுமில்லை.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை தொடங்கியபோது பெரிய மாமா பட்டியின் கடப்பைத் திறந்து மாடுகளை விட்டுவிட்டு, மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். திரும்பிப் போனபோது பாதிக்கு மேல் இல்லை. மிச்சமானவை கட்டாக்காலியாகத் திரிந்தன. தொடையில் சுட்ட குறியைப் பார்த்துப் பார்த்து, அயல் பட்டிக்காரர்களோடு கதைத்துக் கதைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தார். குறியில் இருப்பது அம்மப்பாவின் பெயரின் முதலெழுத்து. மொன்டானாவில் குறியை அரசாங்கத்தில் பதிந்து வைத்து, மாடு விற்கும்போது அதிகாரி வந்து பார்ப்பார் என்று படித்தபோது பெரிய மாமாவைத்தான் நினைத்தேன். அவர் கண்ணே பதிவுப் புத்தகம்.

போர் முடிந்த பிறகு சின்ன மாமா வந்தார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்திருந்தது, ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்திருக்காமல் வான் வண்டியிலேயே மூதூருக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் சாட்சி சொன்னார், சபையே அழுதது. எனக்கும் கண்ணீர் வந்தது. பெரிய மாமா கடைசி வாங்கில் இருந்தார். அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

ராஞ்ச் கதைகளோடு எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இதுதான். போய்த் திரும்பியவருக்குத்தான் கதை. போகாமல் நின்ற அண்ணனோ தங்கையோ சமையலறையில் ஒரு கோபக்கார ஆளாக வந்து போவார், அல்லது நல்ல புத்தி சொல்லி மறைந்துவிடுவார். கடனைக் கட்டி வந்தவர், வேலி போட்டவர், தகப்பனுக்கு மருந்து கொடுத்தவர் அவர்தானே? கடைசி அதிகாரத்தில் கல்யாணம் நடக்கிறது. பண்ணையின் காணி உறுதிப் பத்திரத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று நான் தேடுவேன். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் தேடுவேன். 1862இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் காணி கிடைத்தது. 'கொள்ளுத்தாத்தா வெட்டித் திருத்திய மண்' என்று கதைகளில் வருவதில் பல அப்படி வந்தவை. அதற்கு முன்னால் அந்த மண்ணில் இருந்த பூர்வகுடிகள் எங்கே போனார்கள்? இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைக் கேட்காமல் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

இயேசு சொன்ன கதையில் தகப்பன் விருந்தை விட்டு எழுந்து வெளியே வருகிறார். உள்ளே போக மனமில்லாமல் நிற்கிற மூத்தவனிடம், 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்கிறார். மூத்தவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே கதை நிற்கிறது. ஒரு நாவலுக்கான இடம் அங்கே அப்படியே கிடக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நடந்தது இது: சின்ன மாமா கனடா திரும்புவதற்கு முன் பெரிய மாமாவை நொத்தாரிசிடம் கூட்டிப்போய், காணியில் தன் பங்கை அவருக்கே எழுதிக் கொடுத்தார். பெரிய மாமா வேண்டாம் வேண்டாம் என்று படியில் நின்று சண்டை பிடித்திருக்கிறார். "அண்ணா, நீங்கள் நின்றபடியால்தான் எனக்குத் திரும்பி வர ஒரு இடம் இருந்தது" என்று சின்ன மாமா சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது மாமி.

இப்படி ஒரு அதிகாரம் உள்ள கதை வேண்டும். பட்டியும் தயிர்ச்சட்டியும் மழையில் நனைந்த வாடியும் வர வேண்டும், கதாநாயகி கொழும்பிலோ கனடாவிலோ இருந்து வரட்டும், காதலிக்கட்டும், மூதூர்க் கோயிலில் கல்யாணம் கட்டட்டும். நின்ற அண்ணனுக்கும் நூறு பக்கம் வேண்டும். தமிழில் யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். பெரிய மாமாவுக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.