தெற்கத்திக்காரன் கணக்கு

மியூனிக் ஆபீஸ் கேன்டீனில் எதிரே உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தெற்கே இருக்கிறவர்கள் தாம்தூமென்று செலவு செய்வார்கள், கட்டுவது நாங்கள்." காட்பாடிக்காரனான எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது இத்தாலியையும் கிரேக்கத்தையும்.

அதே மனிதர் இன்னொரு நாள், "பவேரியா சம்பாதிக்கிறது, பெர்லின் தின்கிறது" என்று பொருமினார். பவேரியா ஜெர்மனியின் தென்கோடி. மாநிலங்களுக்குள் நிதி பகிரும் ஏற்பாட்டை எதிர்த்து 2023-இல் கோர்ட்டுக்குப் போன மாநிலம். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக்குழுவில், 15-ஆவது குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.079 சதவீதம்தான் என்று டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசும் சத்துவாச்சாரி மாமாவின் அதே குரல்!

இங்கே சிக்கல் வேறு மாதிரி. பல நாடுகளுக்கு யூரோ என்று ஒரே நாணயம். 2022 ஆகஸ்டில் எஸ்டோனியாவில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 25 சதவீதம் ஏறியிருந்தது. பிரான்சில் 7-ஐத் தொடவில்லை. இரண்டுக்கும் பிராங்பர்ட்டின் ஐரோப்பிய மத்திய வங்கி வைத்தது ஒரே வட்டி. மீதியை அந்தந்த அரசு பட்ஜெட்டில் சரிக்கட்ட வேண்டும். அதற்கும் நாட்டின் மொத்த உற்பத்தியில் பற்றாக்குறை 3 சதவீதம், கடன் 60 சதவீதம் என்று வரம்பு. வட்டி ஏறினால் கடனில் மூழ்கிய இத்தாலிக்குத்தான் முதல் அடி. அதனால் 2022 ஜூலை 21 அன்று வட்டியை அரை சதவீதம் ஏற்றிய கையோடு, தேவைப்பட்டால் இப்படிப்பட்ட நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்க ஒரு திட்டத்தையும் அறிவித்தார்கள்.

நம் ரிசர்வ் வங்கி வட்டியும் ஒன்றுதான். ஆம்பூரில் தோல் ஆர்டர் படுத்தாலும் பீகாரில் மழை பொய்த்தாலும் மாறாது. ஆனால் டில்லி கஜானாவிலிருந்து ரேஷன், கிராமப்புற வேலைத் திட்டம் என்று ஏதாவது வந்துசேரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது பட்ஜெட்டோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் 1 சதவீதம்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. குளிர், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடைகள், எதுவும் உறுத்துவதில்லை. கத்தரிக்காய் மட்டும்தான்... இங்கே கிடைப்பது கறுத்துப் பளபளவென்று முழங்கை நீளம். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி, எண்ணெயில் வதக்கி, புளி விட்டு, பிரியாணி தட்டோரம் அம்மா வைப்பாரே! சரி, விடுங்கள்.

மாமாவிடம் போனில் சொன்னேன்: "கம்மியா தர்றாங்கன்னு திட்டவாவது நமக்கு ஒரு கஜானா இருக்கு மாமா."

"இன்னாடா, டில்லிக்கு வக்காலத்து வாங்குற? கஜானா இருந்தா போதுமா, சாவி யாராண்ட கீது?"

கேள்வி சரிதான். 2020-இல் கொரோனாவுக்காகச் சேர்ந்து கடன் வாங்க ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், அதையே வழக்கமாக்கலாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது இந்தச் சாவிக்குப் பயந்துதான்.