முந்தின நாளே போனோம், பெட்டி மட்டும் கப்பல் ஏறவில்லை

அம்மாவின் பெட்டி முந்தாநாள்தான் வீடு வந்து சேர்ந்தது, நாங்கள் ஊர் திரும்பிப் பதினோரு நாள் கழித்து. கைப்பிடியில் கப்பல் கம்பெனியின் அட்டை கசங்காமல் தொங்குகிறது: ஏழாம் தளம், கேபின் எண், அம்மாவின் பெயர். அந்தப் பெட்டி கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சுற்றுலாக் கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே பறந்து போய்விட வேண்டுமா, அன்றைக்குப் போனால் போதாதா என்று யோசிக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நாங்கள் முந்தின நாள் போனவர்கள். அப்படியும் இந்தக் கதி.

டிக்கெட்டில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில். விமானம் இறங்கும் ஃபியூமிசினோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு மாலை 6 மணிக்குக் கப்பல். அதே ஞாயிறு காலை 11 மணிக்கு இறங்கும் விமானம் ஒன்று இருந்தது. ஏழு மணி நேரம் கையில் இருக்கிறது, ஓட்டல் செலவும் மிச்சம் என்று நான் கணக்குப் போட்டேன். “பயணச்சீட்டின் பின்பக்கம் படிச்சீங்களா?” என்றாள் மனைவி. படிக்கவில்லை. புறப்படுவதற்கு 90 நிமிடம் முன்னால் செக்-இன் மூடப்படும் என்று அதில் இருந்தது. பயணிகள் பட்டியலை முடித்து அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டுமாம், அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார்களாம். ஆக 6 மணி என்பது 4:30. கடவுச்சீட்டு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, ரயில் எல்லாம் போக என் ஏழு மணி நேரத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதற்குள்தான் விமானம் தாமதமாக வேண்டும்!

என் வாயை முழுசாக அடைத்தது அவளுடைய அடுத்த கேள்வி: “கப்பலை விட்டுட்டா எங்கே போய்ப் பிடிப்பீங்க?” அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் முழுக்கக் கடல். அதற்கடுத்த நாள் கிரேக்கத் தீவான சான்டோரினி. இரண்டாம் நாள் நேப்பிள்ஸாக இருந்தால் ரயிலேறிப் பிடித்துவிடலாம். தீவு என்றால் நம் செலவில் புது விமான டிக்கெட், அதுவும் கிடைத்தால். அமெரிக்கத் துறைமுகங்களில் இன்னும் வம்பு. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. சியாட்டிலில் அலாஸ்கா கப்பலைத் தவறவிட்டு, அலாஸ்காவின் கெட்சிகனில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கலாம் என்று நினைத்தால் கப்பல்காரர்களே மறுத்துவிடுவார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தீவு இருந்தது. சரி, சனிக்கிழமையே போய்விடலாம் என்று முடிவானது.

அந்த ஒரு நாள் முதலில் வேலை வைத்தது விசா மையத்தில். நான் காப்பீடு எடுத்திருந்தது கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து. கவுன்ட்டரில் இருந்த பெண் விமான டிக்கெட்டையும் காப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் இரண்டு தேதிகளையும் தொட்டுக் காட்டி, காகிதக் கட்டு முழுவதையும் அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு, தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவுக்கு ஓட்டல் சீட்டும் கேட்டார், அதையும் நான் கொண்டுபோகவில்லை. அரை நாள் லீவு வீண். கப்பல் நடுவில் துருக்கியின் குஷாதாசிக்குப் போய் மறுபடி கிரீஸுக்குள் வருவதால் பலமுறை நுழையும் விசா வேண்டும் என்பதை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

விமானத்தை இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவாக வந்தது. அதை எடுக்காமல் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போட்டது இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். முதல் விமானம் தொழில்நுட்பக் கோளாறு என்று 2 மணி 40 நிமிடம் தரையிலேயே நின்றது. கனெக்‌ஷன் போய்விட்டது. தனி டிக்கெட்டாக இருந்திருந்தால் இரண்டாவது விமானக்காரர்கள் “நீங்கள் வரவில்லை” என்று கைகழுவியிருப்பார்கள். ஒரே டிக்கெட் என்பதால் எங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

ஆனால் எப்போது சேர்ப்பது? வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று கவுன்ட்டரை அடைந்தால், மறுநாள் மாலை 3 மணிக்கு இறங்கும் விமானத்தில் ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

“நாளைக்குக் கப்பல் இருக்கிறது” என்றேன்.

“எத்தனை மணிக்கு?”

“ஆறு.”

“மூன்று மணி நேரம் இருக்கிறதே!”

இரண்டு மாதம் முன்பு நான் சொன்ன அதே வசனம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் சீட்டை நீட்டி, 90 நிமிடம் என்ற வரியை விரலால் காட்டினேன். அப்புறம்தான் அவர் விசைப்பலகையைத் தட்டினார். இன்னொரு ஊர் வழியாகச் சுற்றிப் போனால் சனி இரவு 11:40-க்கு ஃபியூமிசினோ. மூன்று இடம் இருந்தது. அந்தக் காகிதம் அச்செடுத்துக் கையில் இருந்தது பெரிய உதவி. போனில் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் முன்னால் வந்திருப்பார். “பெட்டிகள்?” என்று கேட்டேன். “தானாக வந்துவிடும்” என்றார். அங்கே நான் நகர்ந்திருக்கக் கூடாது. பெட்டிச் சீட்டு எண்கள் புது விமானத்துக்கு மாறியிருக்கின்றனவா என்று திரையில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நள்ளிரவில் பெல்ட் நின்றது. எங்கள் பெட்டி வந்திருந்தது, அம்மாவுடையது இல்லை. அம்மா பதறவே இல்லை. “மாத்திரை கைப்பையில இருக்குடா, மத்ததுக்கு என்ன அவசரம்” என்றார். பத்து நாள் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் அவரே கையில் எடுத்து வைத்திருந்தார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பெட்டி வரவில்லை என்று பதியும் மேசையில் ஒரே ஓர் ஆள், கொட்டாவியோடு. முகவரி கேட்டார். “நாளை மாலையிலிருந்து கப்பலில் இருப்போம்” என்றேன். படிவத்தில் முகவரிக்கு ஒரே ஒரு கட்டம், அதில் கப்பலுக்கு இடமில்லை. “இன்று இரவு எங்கே?” என்றார். சிவிடாவெக்கியா ஓட்டல் பெயரைச் சொன்னேன். அவர் தட்டிவிட்டு, பிஐஆர் (பெட்டி வராத புகார்) எண் போட்ட தாளைக் கொடுத்தார்.

மொத்தக் கூத்துக்கும் காரணம் அந்த ஒரு வரிதான். கப்பல் ஏறப் போகிறவர்கள் ஓட்டல் முகவரியைக் கொடுக்கவே கூடாது. “அனுப்ப வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம், அங்கே கப்பலின் ஏஜென்ட் யார் என்று பட்டியலாகக் கொடுங்கள். கப்பல் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டால் ஏஜென்ட் விவரம் கிடைக்கும். எனக்கு இது கப்பலில் ஏறிய பிறகு தெரிந்தது.

ஞாயிறு காலை எட்டரைக்குச் செயலியில் பார்த்தால் “பெட்டி ரோம் வந்துவிட்டது”. மேசைக்குப் போன் போட்டேன், பாட்டு மட்டும் கேட்டது. மனைவியையும் அம்மாவையும் நேராகத் துறைமுகத்துக்குப் போகச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். ரோமின் ட்ராஸ்டெவரே நிலையத்தில் மாறி, ஃபியூமிசினோ போய்ச் சேர 11:45. வெளியே வந்தவன் பெட்டி எடுக்கும் கூடத்துக்குள் திரும்ப நுழைவது லேசான காரியம் இல்லை. கதவருகில் ஒரு வரிசை, சோதனை, கடவுச்சீட்டு, பிஐஆர் தாள். தாள் மனைவியின் பையில் கப்பல் ஏறிவிட்டிருந்தது! அவள் போட்டோ எடுத்து அனுப்பி, காவலர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, உள்ளே விட 50 நிமிடம்.

உள்ளே இருந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: “பத்து மணிக்குக் கூரியரிடம் கொடுத்தாயிற்று.”

“எங்கே போகிறது?”

“நீங்கள் கொடுத்த முகவரிக்கு.”

நான் எதிர்த் திசையில் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது பெட்டி வேனில் ஏறியிருக்கிறது. கூரியர்காரரின் எண் கேட்டேன், இல்லை என்றார். இரவு எட்டுக்குள் கொடுத்துவிடுவார்களாம்.

திரும்பும் வழியில் ட்ராஸ்டெவரேயில் ஒரு ரயிலை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருப்பு. நடைமேடைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த நேரம் எனக்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது. சிவிடாவெக்கியா வந்ததும் கப்பல்களுக்குப் பேருந்து கிளம்பும் லார்கோ டெல்லா பாச்சே வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். 3:50-க்குச் செக்-இன் மேசை முன்னால் நின்றேன். இன்னும் 40 நிமிடம் இருந்தது. எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அன்றைக்கே இறங்கியவர்கள். அவர்கள் பெட்டிகளோடு வந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு ஏழரைக்கு ஓட்டலிலிருந்து போன், பெட்டி வந்துவிட்டதாம். கப்பல் கரையை விட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கப்பலின் உதவி மேசையில் ஒரு பல்துலக்கும் பிரஷும் இரண்டு டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். நெஞ்சில் கப்பல் படம் போட்ட டி-ஷர்ட்டில் அம்மா எடுத்துக்கொண்ட போட்டோ எங்கள் குடும்பக் குழுவில் இப்போதும் சுற்றுகிறது.

இப்போது பணம் கேட்கும் கட்டம். 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி தாமதத்துக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) வரை விமானக் கம்பெனி பொறுப்பு. அது உச்சவரம்பு, கேட்டதும் கிடைக்கிற தொகை இல்லை. அவசியத்துக்கு வாங்கியதற்கெல்லாம் ரசீது வேண்டும். பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். பெட்டி வந்த அன்றே எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது: சான்டோரினியில் அம்மாவுக்கு உடை வாங்கிய ரசீது கிரேக்கத்தில் இருக்கிறதாம், மொழிபெயர்த்து அனுப்ப வேண்டுமாம். கூடவே அந்த 2 மணி 40 நிமிடம் தாமதமான விமானத்தின் போர்டிங் பாஸ் அம்மாவுடையதும் வேண்டுமாம். அதை அம்மா புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்தார். எந்தப் புத்தகம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். 21-இல் இரண்டு நாள் போய்விட்டது.