பெங்களூரிலிருந்து வாதாபிக்கு: பிள்ளைகளோடு ஐந்து நாள்

குழந்தைகளோடு வடகர்நாடகத்தின் ஹம்பி, பாதாமி (பழைய வாதாபி) கிளம்புகிறவர்கள் முதலில் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஹம்பி சுமார் 350 கிலோமீட்டர், அங்கிருந்து பாதாமி 140, அப்படியானால் மூன்று நாள் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கார் தாங்கும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். இந்த ஊர்களில் கணக்கில் எடுக்க வேண்டியவை வெயிலும் படிகளும். பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்க ஆரம்பித்தால் மூன்றரை வரை ஆறாது. அதனால் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவில் சாப்பாடும் தூக்கமும் அல்லது கார் ஓட்டமும். இப்படிப் பிரித்தால் ஐந்து நாள், நான்கு இரவு வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். ஏப்ரல், மே லீவில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கார் விஷயத்தில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டயர் காற்றின் அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆளும் பெட்டியும் நிறைந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு அதில் தனியாக இருக்கும், பின் சக்கரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக. அதைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போதே காற்று பிடியுங்கள். அடுத்தது ஸ்டெப்னி. மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் ஸ்டெப்னியில் காற்று இறங்கியிருக்கும், பஞ்சர் ஆன பிறகுதான் அது தெரியவரும். ஜாக்கியைப் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காமல் ஓரமாக, கைக்கு எட்டும்படி வையுங்கள்.

அல்சூர், ராமமூர்த்தி நகர் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் காலை ஐந்து மணிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும். ஹெப்பாள் வழியாகச் சுற்றுச்சாலையில் போய் கோரகுண்டேபாளையா சிக்னலை ஆறுக்கு முன் தாண்டினால் தும்கூர் சாலை காலியாக இருக்கும். ஏழு மணிக்கு அங்கே மாட்டினால் அன்றைய திட்டம் மொத்தமும் தள்ளிப்போகும். எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தவர்களுக்கு நைஸ் ரோடு நேராக மாதவாராவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மதியத்துக்குக் கட்டுச்சோறு எடுப்பவர்கள் தயிர்சாதத்தில்தான் ஏமாறுவார்கள். வீட்டிலிருந்தே தயிர் ஊற்றிப் பிசைந்தால் பன்னிரண்டு மணிக்குப் புளித்திருக்கும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, ஆறவைத்த பாலை ஒன்றரை டம்ளர் ஊற்றிப் பிசைந்து, இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்து மூடிவிடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும்.

முதல் நாளே ஹம்பியைத் தொட நினைக்காதீர்கள். 200 கிலோமீட்டரில் சித்ரதுர்கா. இரவு தங்கப்போகும், ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டேக்கு அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஐந்து மணி நேரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஓடி ஏற ஒரு கோட்டை கிடைப்பதைவிட வேறென்ன வேண்டும்? ஏழு சுற்று மதில். வாசல்கள் நேராக இருக்காது, வளைந்து வளைந்து போகும். யானை வேகமெடுத்து வந்து கதவை முட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. அதைச் சொல்லாமல், “ஏன் இப்படி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்?” என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். ஹைதர் அலியின் ஆட்கள் நுழைந்ததாகச் சொல்லும் இடுக்கில் கோட்டைக் காவல்காரரின் மனைவி ஓபவ்வா ‘ஒனகே’யால் ஒவ்வொருவராக அடித்து வீழ்த்திய கதையையும் அங்கேயே சொல்லலாம். ஒனகே என்றால் நம்முடைய உலக்கைதான். கோட்டை ஹைதர் அலி கையில் விழுந்தது 1779-இல்.

ஹம்பிக்கு ஒன்றரை நாள். விட்டலர் கோயிலுக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், பேட்டரி வண்டிக்குக் கூட்டம் சேர்ந்தால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டிவரும். கல்ரதத்தின் முன் ஐம்பது ரூபாய் நோட்டைக் கையில் கொடுங்கள். 2017-இல் வந்த நோட்டின் பின்புறம் இருப்பது இதே ரதம். ரதத்தில் ஏறக்கூடாது, இசைத்தூண்களைத் தட்டக்கூடாது என்பதைக் காரில் வரும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் அழுகைதான். நுழைவுச்சீட்டை வீசிவிடாதீர்கள். அதே நாளில் தாமரை மஹால், யானைக் கொட்டில் இருக்கும் வளாகத்துக்கும் அது செல்லும். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

விருபாட்சர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது, செருப்பைக் கழற்றியாக வேண்டும். தடித்த பருத்தி காலுறை ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துப் போனால் கால் சுடாது. கருவறைக்குப் பின்னால் ஒரு இருட்டு அறையில், சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழும். இதைச் சும்மா காட்டினால் அரை நிமிடத்தில் அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள். முந்தின நாள் இரவே ஒரு செருப்புப் பெட்டியில் ஊசித்துளை போட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, அறையை இருட்டாக்கி மெழுகுவர்த்தியைப் பார்க்க வையுங்கள். ஒளி நேர்கோட்டில் போவதால் மேலே இருப்பது கீழே விழுகிறது என்பது புரிந்துவிட்டால், கோபுரத்தைத் தலைகீழாகப் பார்க்கும்போது துள்ளுவார்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தத்துக்கே வரும், தின்பண்டத்தைக் காரிலேயே விட்டுவிடுங்கள். துங்கபத்திரையில் பரிசல் போக ஆசைப்பட்டால் மிதவைச் சட்டை பிள்ளை அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் சட்டை பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும். சின்ன அளவு இல்லையென்றால் ஏற வேண்டாம்.

மூன்றாம் நாள் மதியம் பாதாமிக்கு. கிராமங்களில் வெள்ளைக் கோடில்லாத வேகத்தடைகள் வரும். கரும்பு வெட்டும் காலத்தில் பின்விளக்கே இல்லாத டிராக்டர்கள் போகும். இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாதாமிதான் வாதாபி. “வாதாபி ஜீர்ணோ பவ” என்று அகத்தியர் வயிற்றைத் தடவிய கதை பாட்டிமார் சொன்னதுதான். அந்தப் பெயரோடு கூடிய ஊரில் அகத்தியர் பெயரில் ஏரியும் இருக்கிறது. 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியரின் இந்தத் தலைநகரைப் பிடித்து ‘வாதாபி கொண்டான்’ ஆனான். அவன் கல்வெட்டு பாதாமிப் பாறையிலேயே இருக்கிறது. முதல் குகையில் ஆடும் சிவனுக்குப் பதினெட்டுக் கை, எண்ணச் சொல்லுங்கள். அதே வாசலோரம் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்ட சிற்பம் உண்டு. தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, விரலால் ஒரு பாதியை மறைத்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை. மூன்றாம் குகையின் கல்வெட்டு 578-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாலு குகைக்கும் படியேற வேண்டும், காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். மாலை வெயில் ஏரிக்கரையின் பூதநாதர் கோயிலுக்கு.

நாலாம் நாளின் மற்ற பொழுது 22 கிலோமீட்டரில் இருக்கும் பட்டடக்கல்லுக்கு. பல்லவன் வாதாபியைப் பிடித்து ஒரு நூற்றாண்டுக்குள் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தான் என்று காஞ்சி கைலாசநாதர் கோயிலில் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. அந்த வெற்றிக்காக அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் தெரியும். காஞ்சிக் கோயிலின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு விமானத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரங்களும் இருப்பதால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். தூண்களில் ராமாயணக் காட்சிகளைத் தேடவும் விடுங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பழைய கோயில்கள் நிறைந்த ஐஹொளே இன்னும் 14 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகள் சோர்ந்திருந்தால் அதை விட்டுவிடலாம், பட்டடக்கல்லை விடக்கூடாது. கோல்கும்பஸ் என்ற பெரிய குவிமாடக் கல்லறையைப் பார்க்க விஜயபுரா போவதென்றால் தனியாக இரண்டு நாள் சேர்க்க வேண்டும், இதில் திணிக்காதீர்கள்.

சோள ரொட்டிச் சாப்பாட்டில் எண்ணெகாய் (மசாலா அடைத்த கத்தரிக்காய்) காரமாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கெட்டித்தயிர் தனியாகக் கேளுங்கள். வெயிலில் துவண்டால் ஓஆர்எஸ் பொட்டலம் பெரியதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு அதிகமாகிக் கெடுதல் செய்யும்.

திரும்பும் நாள் 450 கிலோமீட்டர் ஓட்டம், வழியில் எதையும் பார்க்க வைக்காதீர்கள். ஆறு மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிட்டு, ஹிரியூர் பக்கம் மதியச் சாப்பாட்டை முடித்தால் மாலை நெரிசலுக்கு முன் நெலமங்களாவைத் தாண்டலாம்.